லேடாங் மலைப் பூச்சிகளுக்குப் பெயர் வந்த கதை

மாணவர்களே, ஆசாஹான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லேடாங் மலையைப் பார்த்திருப்பீர்கள். உயரம் 1,276 மீட்டர். 1854இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாக்காவிலிருந்து போய் அதில் ஏறிப் பூச்சிகளைச் சேகரித்தார். தாகத்துக்குக் குடுவைச் செடிகளில் தேங்கிய நீரைக் குடித்தார். உள்ளே பூச்சிகள் கிடந்தாலும் சுவையாகவே இருந்ததாம்!

பூச்சியைப் பிடித்துவிட்டால் மட்டும் அது புதிய இனம் ஆகிவிடாது. வாலஸ் அனுப்பிய எறும்பு, குளவி, தேனீக்களை லண்டனில் பிரெடெரிக் ஸ்மித் ஆராய்ந்தார். நிறம், உணர்கொம்பு, கால், உடல்மயிர் என ஒவ்வொன்றையும் முன்பே பெயர் பெற்ற இனங்களோடு ஒப்பிட்டு, வேறுபட்டவற்றுக்குப் பெயர் சூட்டி 1857இல் அச்சிட்டார். லேடாங் மலையின் ஆங்கிலப் பெயரான ஓஃபீர் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது.

பெயர் சூட்டப் பயன்பட்ட மாதிரியை 'வகை மாதிரி' என்பார்கள். அதை அருங்காட்சியகத்தில் பாதுகாப்பார்கள். பின்னாளில் சந்தேகம் எழுந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பிடித்த இடம் எழுதிய சீட்டும் கூடவே இருக்க வேண்டும். மலைப்பூச்சி என்றால் உயரமும் தேவை, ஏனெனில் அடிவாரத்து இனம் உச்சியில் இல்லாமல் போகலாம்.

அதே கட்டுரையில் சிங்கப்பூர் எறும்பு ஒன்றுக்கு ஸ்மித் வைத்த பெயர் 'கிராசிலிபெஸ்', அதாவது மெலிந்த காலுடையது. செம்பனைத் தோட்டங்களில் விறுவிறுவென ஓடும் மஞ்சள் எறும்புதான் அது. அவர் சேர்த்த பேரினம் பிறகு மாறியது; 'கிராசிலிபெஸ்' இன்றும் மாறவில்லை.