மருந்தைச் சுமக்கும் நானோ இழைகள்

அன்புள்ள தம்பி,

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் பறிக்கும் தேயிலைக் கொழுந்தில் கேட்டகின்கள் என்ற வேதிப்பொருள்கள் நிறைந்துள்ளன. அவற்றுள் முதன்மையானது ஈஜிசிஜி. கிருமிகளைத் தடுக்கும், அழற்சியைத் தணிக்கும் அதன் ஆற்றல் ஆய்வகச் சோதனைகளில் தெரிய வந்துள்ளது. ஆனால் அது எளிதில் கெடும். தொழிற்சாலையில் வாட்டி உருட்டிய கொழுந்து காற்றுப் பட்டுச் செம்பு நிறமாவது, கேட்டகின்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான். குடித்தாலும் சிறு பகுதியே இரத்தத்தில் சேரும். இத்தகைய பொருளைக் கெடாமல் காத்து, வேண்டிய இடத்தில், வேண்டிய வேகத்தில் தருவதே பாலிமர் நானோ இழையின் வேலை.

இழையை உருவாக்கும் முறை மின்நூற்பு. அன்டன் ஃபார்மால்ஸ் 1934இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பாலிமரையும் மருந்தையும் கரைத்து ஊசிக்குழலில் நிரப்பி, 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் தருவார்கள். ஊசிமுனைத் துளி கூம்பாக நீளும். அதன் நுனியிலிருந்து கிளம்பும் தாரை சாட்டைபோல் சுழன்று மெலியும். வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிட, எதிரேயுள்ள தகட்டில் இழைகள் வெள்ளைப் படலமாகப் படியும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இந்த இழைக்கோ பெரும்பாலும் சில நூறுதான். தடிமன் குறையக் குறைய, அதே எடைக்குப் பரப்பு கூடும்.

அந்தப் பரப்பே சிக்கலும் தருகிறது. மேற்புறத்தில் இருக்கும் மருந்து முதல் சில மணி நேரத்திலேயே பெருமளவு வெளியேறிவிடும். அதைக் கட்டுப்படுத்தவே இழையை மாற்றியமைக்கிறார்கள். உள்ளே மருந்தும் வெளியே பாலிமர் உறையும் அமைய, ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள இரட்டை ஊசியில் நூற்பது ஒரு வழி. மருந்து உறையைக் கடந்தே வெளிவர வேண்டும். பாலிமர்களைக் கலப்பது இன்னொன்று. பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமர் உடலில் சிதைய ஈராண்டுக்கு மேலும் ஆகலாம். பிஎல்ஜிஏ என்ற பாலிமர் சில வாரங்களிலோ மாதங்களிலோ சிதையும். இவற்றைக் கலக்கும் அளவால் மருந்து வெளிவரும் வேகத்தை மாற்றலாம். மூன்றாவது, பிளாஸ்மா என்ற மின்னூட்ட வாயுவால் மேற்பரப்பை மாற்றுவது. நீரை ஒட்டவிடாத இழை அப்போது நீரை ஏற்கும், செல்கள் பற்றிக்கொள்ளும், மருந்து மூலக்கூறுகளையும் வேதிப்பிணைப்பால் அதில் இணைக்கலாம்.

சென்னை ஐஐடியில் பயின்ற சீராம் ராமகிருஷ்ணா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நானோ இழைத் துறையை வளர்த்த முன்னோடி. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் இவ்வாய்வு நடக்கிறது.

ஈஜிசிஜி ஏற்றிய இழைகள் புண் ஆற்றும் படலங்களாக ஆய்வில் உள்ளன. அவை மருத்துவமனைக்கு வர, நச்சுக் கரைப்பான் எச்சம் நீங்க வேண்டும். ஒவ்வொரு தொகுப்பும் ஒரே தரமாக அமைய வேண்டும். மனிதச் சோதனைகளில் பாதுகாப்பும் பயனும் உறுதியாக வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்