நோவாற்றுந் துயில்

சாக்காட்டை அண்மிய நோயாளர் சிலருக்கு எம்மருந்துக்கும் அடங்காத துன்பம் வந்தெய்துவதுண்டு. மூச்சுத்திணறலும், பிதற்றலோடு கூடிய அமைதியின்மையும் அவற்றுள் முதன்மையானவை. வேறு வழியெல்லாம் பயனற்றவிடத்து, நோயாளரின் உணர்வை வேண்டுமளவிற்குக் குறைத்துத் துயிலச் செய்வர். அதனையே நாம் ஈண்டு ‘நோவாற்றுந் துயில்’ என்கின்றோம். எம் பழைய மாணவருள் வைத்தியராயினோர் இதனை நன்கறிவர், ஏனையோர்க்காகவே எழுதுகின்றோம்.

இதனைக் ‘கருணைக் கொலை’ என்பாருமுளர். மொழி கற்பிக்கும் எமக்கு இச்சொற்குழப்பம் பொறுக்கத்தக்கதன்று. தந்தைக்குத் துயில்மருந்து கொடுக்க இசைந்த மகன், ‘நானே கொன்றேனோ’ என்று நெடுங்காலம் நெஞ்சு நோதற்கு இதுவே காரணமாகின்றது.

இவ்விரண்டும் வேறென்பதற்கு ஒல்லாந்து தேசம் தக்க சான்று. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அங்கே நோயாளரின் வேண்டுகோளின்பேரில் உயிர்நீக்கும் வைத்தியர் அதனை அறிவித்தல் வேண்டும். துயிற்சிகிச்சைக்கோ அது வேண்டா. அது வழமையான மருத்துவமே. அந்நாட்டு வைத்தியர் சங்கம் 2005இல் இதற்கெனத் தனி வழிகாட்டி வகுத்தது. ஒன்றிரண்டு வாரங்களுள் மரணம் எதிர்பார்க்கப்படும்போதே, இறுதிவரை இடையறாத துயிலைத் தொடங்கலாம் என்பது அதன் வரையறை. துயிலுக்குரிய மருந்து மிடசோலாம். அதனைத் தோலின்கீழ்ச் சிறிது சிறிதாகச் செலுத்தி, துன்பம் தணியும் அளவில் நிறுத்துவர். மோர்பீன் நோவுக்கும் மூச்சுத்திணறலுக்கும் உரியது. துயிற்றுதற்கென்றே அதனை மிகுத்துக் கொடுத்தல் பிழை. உயிர்நீக்கத்திலோ மருந்தின் அளவு சாவை நோக்கியே கணிக்கப்படும். கருத்தும் அளவுமே இங்கு வேற்றுமை செய்வன.

இனி ஒரு தடை. இறுதிவரை உணர்வோடிருந்து இறைவனை நினைந்து பிரிதலன்றோ சைவர் விழைவது? துயில்வார்க்கு அருகிலிருந்து நாம் சிவபுராணம் ஓதுவது யார் கேட்க? இவ்வினா எமக்கு மட்டும் உரியதன்று. 1957இல் மயக்கமருந்து வைத்தியர்கள் இதனையொத்த வினாவைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரிடம் விடுத்தனர். தக்க காரணமின்றி உணர்வைப் பறித்தலாகாது என்றார் அவர். எனினும், வேறு வழியில்லாதபோது, நோயாளர் தம் கடமைகளை முடித்திருப்பின், ஆயுள் சிறிது குறையினும் நோவாற்றும் மருந்து கொடுக்கலாம் என விடையிறுத்தார். ஆகவே ஓதலும், விடைபெறலும், பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லலும் துயிலுக்கு முன்னரே நிகழ்தல் வேண்டும். வீட்டார் இதனை வைத்தியரிடம் வாய்திறந்து கேட்கத் தயங்குதல் கூடாது.

துயில் எப்போதும் இடையறாததன்று. சிலரை ஓரிரவு துயிற்றி, காலையில் மருந்தைக் குறைத்து விழிக்கச் செய்து, ‘இன்னும் வேண்டுமோ’ என்று அவரையே வினவுவர்.