பழைய தலப்படம்

ஓரிடத்தின் மேடுபள்ளங்களையும் நீர்நிலைகளையும் காடுகளையும் மக்கள் ஆக்கிய வழிகளையும் வீடுகளையும் அளவுப்படி தாளில் அமைத்துக் காட்டுவது தலப்படம் எனப்படும். ஆளரவமற்ற காட்டில் செல்வோர்க்கு அது வழித்துணையாகும். ஆயினும், படத்தைப் பார்த்தல் வேறு; படித்தறிதல் வேறு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தென்மேற்கே, ஹீலா என்னும் மலைக்காடு பரந்து கிடக்கின்றது. அதன் உயர்ந்த சிகரம் 10,895 அடி. காட்டிலும் அதனைச் சூழ்ந்த புல்வெளிகளிலும் மாட்டுமந்தைகள் மேய்கின்றன. பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே பல கல் தொலைவு உண்டு. மழை குறைந்த நாடாதலின், நீருள்ள இடமே மந்தைக்கும் மேய்ப்பனுக்கும் உயிர்நிலையாகும்.

அந்நாட்டை அளந்து படம் வரையும் நில ஆய்வுத் துறை 1879ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. முற்காலத்தில் அளப்போர் முக்காலியின்மேல் பலகையை நிறுத்தி, கண்ணால் நோக்கி, அவ்விடத்திலேயே வரைந்தனர். பின்னர் விமானத்திலிருந்து எடுத்த நிழற்படங்கள் துணையாயின. 1947 முதல் 1992 வரை 55,000க்கும் மேற்பட்ட தாள்கள், ஓர் அங்குலம் 2,000 அடியைக் குறிக்கும் அளவில் ஆக்கப்பெற்றன.

அத்தாள்களில் நிறமே மொழியாகும். பச்சை காட்டையும், நீலம் நீரையும், கருமை கட்டடங்களையும் குறிக்கும். பழுப்புக் கோடுகள் ஒத்த உயரமுள்ள இடங்களை இணைப்பவை. அவை நெருங்கியிருப்பின் சரிவு செங்குத்தானது, விலகியிருப்பின் மென்மையானது. நீலக்கோடு தொடர்ந்து சென்றால் அது வற்றாத ஆறு. விட்டுவிட்டுச் சென்றால், ஆண்டு முழுதும் நீரோடாத ஓடை. இவ்வேறுபாட்டை அறியாதவன், கோடையில் அவ்வோடையை நம்பி நடந்து, வெறும் மணலையே காண்பான்.

படம் பழையதாயின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். மலையின் வடிவம் பெரிதும் மாறுவதில்லை. மற்றவையோ மாறுவன. 2012ஆம் ஆண்டில் மின்னல் மூட்டிய தீ, ஹீலாவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஏக்கர் நிலத்தில் பரவியது. பழைய தாள் அவ்விடங்களை இன்றும் பச்சையாகவே காட்டும். அதில் குறித்த காற்றாலைக் கிணறு பாழடைந்திருக்கலாம், ஊற்று வற்றியிருக்கலாம். நில ஆய்வுத் துறையினரே சில தாள்களில் பிற்கால மாறுதல்களை ஊதா நிறத்தில் சேர்த்தனர். நேரில் சென்று சரிபாராமல் நிழற்படங்களைக் கொண்டே அவற்றைக் குறித்தனர்.

இதனால் பழைய படம் பயனற்றது ஆகாது. கைவிடப்பட்ட பண்ணையையும் தூர்ந்த வழியையும் அதுவே காட்டும். புதியதனோடு ஒப்பிட்டால், ஒரு நாடு மாறிய வரலாறு விளங்கும். ஆதலின், படத்தைக் கையிலெடுப்போர் வழியைத் தேடுமுன், தாளின் அடியில் அச்சிட்ட ஆண்டைத் தேடுதல் வேண்டும். அளந்தவர் கண்டது அந்த ஆண்டின் நிலத்தையே. நடப்பவர் மிதிப்பது இன்றைய நிலத்தை.