அபார்ட்மென்ட் கழிவுநீர் மோட்டார் மக்கர் செய்தால்…

கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் எல்லோரும் பம்பைத்தான் குறை சொல்வார்கள். கோளாறு பல நேரம் கரண்டில் இருக்கும். எலக்ட்ரீஷியன் வரும் முன்னும் வந்த பின்னும் கவனிக்க வேண்டியவை:

1. என்ன அவசரமானாலும் தொட்டிக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து, அழுகிய முட்டை நாற்றம்கூடத் தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் சரிந்து விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்புக் கவசமின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மெயினை அணைத்து, பம்பைச் சங்கிலியால் மேலே தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

2. பேனலில் மூன்று விளக்கும் எரிகிறதா? ஒன்று அணைந்திருந்து, மோட்டார் சுற்றாமல் உறுமினால் ஒரு ஃபேஸ் வரவில்லை. உடனே நிறுத்துங்கள், காயில் சீக்கிரம் கருகிவிடும். சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் இல்லையென்றால் வாங்கிப் பொருத்துங்கள். காயில் கட்டும் கூலியோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை.

3. ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆனால் ஒரே ஒருமுறை ரீசெட் செய்யலாம். மறுபடியும் விழுந்தால் விட்டுவிடுங்கள். நாப்கினோ துணியோ இம்பெல்லரில் சுற்றிக்கொண்டு, மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கலாம். ட்ரிப் தொல்லை வேண்டாமென்று ரிலேயின் ஆம்பியர் திருகைக் கூட்டி வைப்பவர்கள் உண்டு. அது மோட்டாரைக் கொல்லும் வேலை, சம்மதிக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை கிளாம்ப் மீட்டரால் மூன்று ஒயரையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே அளவில் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் அடைப்பு. ஒன்று மட்டும் மாறுபட்டால் சப்ளையிலோ காயிலிலோ பழுது.

4. மேனுவலில் ஓடி, ஆட்டோவில் ஓடாவிட்டால் முதல் சந்தேகம் ஃப்ளோட் சுவிட்ச் மேல்தான். சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாக ஒட்டி, மிதவையை எழவிடாது. மெயினை அணைத்து, மேலே இழுத்துக் கழுவினால் போதும்.

5. மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு பிரேக்கர்) விழுந்துகொண்டே இருந்தால் கேபிளில் ஈரம் இறங்கியிருக்கலாம். தொட்டிக்குள் ஜாயின்ட் இருக்கவே கூடாது. டேப் சுற்றிய ஜாயின்ட் அங்கே தாங்காது. 500 வோல்ட் மெக்கரில் இன்சுலேஷனைப் பார்க்கச் சொல்லி, 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் மோட்டாரை ஓட்ட வேண்டாம். ஆர்.சி.சி.பி.-யை பைபாஸ் செய்து தருகிறேன் என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உயிர் போகிற விஷயம் இது.

6. ஒயரிங் வேலை முடிந்த பிறகு மோட்டார் ஓடியும் தண்ணீர் சரியாக ஏறவில்லையா? சுழற்சி தலைகீழாகியிருக்கும். ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

7. பேனலுக்குள் செம்பு முனைகள் கறுத்திருந்தால், தொட்டி வாயு கேபிள் குழாய் வழியாக ஏறி வருகிறது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முனைகளைச் சுத்தம் செய்து முடுக்கி, குழாய் வாயையும் நன்றாக அடைக்கச் சொல்லுங்கள்.