காற்றுத் தப்பை

எலும்பு முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். அதற்குத் தப்பை என்று பெயர். முறிந்த எலும்பு ஆடாமல் தப்பை பிடித்துக் கொள்ளும். எலும்பு ஆடினால் வலி கூடும். அது மட்டும் இல்லை. முறிந்த முனை கத்தி போல இருக்கும். உள்ளே சதையைக் கிழிக்கும். ரத்தக் குழாயையும் அறுத்து விடலாம்.

அந்தமான் நிகோபார் தீவுகளில் தப்பைக்கு வேலை அதிகம். கச்சால் தீவை எடுத்துக் கொள்ளுங்கள். இலங்கையில் இருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் 1970களில் அங்கே ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேறின. கச்சாலில் இருந்து போர்ட் பிளேயர் 400 கிலோமீட்டருக்கு மேல். (போர்ட் பிளேயருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) பெரிய மருத்துவமனையான ஜி. பி. பந்த் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. கப்பலிலோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அப்போதும் காயம் பட்ட பலரைக் கடல் வழியாகவும் வான் வழியாகவும்தான் கொண்டு போனார்கள். அத்தனை தூரமும் முறிந்த கால் ஆடாமல் இருக்க வேண்டும்.

இதற்குக் காற்றுத் தப்பை நல்ல துணை. இது இரட்டைச் சுவர் உள்ள பிளாஸ்டிக் உறை. காலுறை போல இருக்கும். பக்கத்தில் ஜிப் உண்டு. வாயால் ஊதக் குழாய் உண்டு. ஊதினால் உறை விறைத்துக் கொள்ளும். முன்கை, மணிக்கட்டு, கணுக்கால், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, இவற்றுக்குப் போடலாம். தொடை எலும்புக்கும் தோள் பக்க எலும்புக்கும் இது உதவாது. எலும்பு வெளியே தெரிந்தாலும் போடாதீர்கள்.

ஒருவர் பாக்கு மரத்தில் இருந்து விழுந்து விட்டார். கணுக்கால் வீங்குகிறது. முதலில் மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். வீக்கம் ஏறினால் பிறகு கழற்ற முடியாது. காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். ஒருவர் காலை அசையாமல் தாங்கிப் பிடிக்கட்டும். வளைந்த காலை இழுத்து நேராக்க வேண்டாம். மற்றவர் உறையைச் சுற்றி ஜிப்பை மூடட்டும். விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். பிறகு வாயால் ஊதுங்கள். சைக்கிள் பம்பால் அடிக்க ஆசை வரும். வேண்டாம், இறுகி விடும். கட்டை விரலால் உறையை அழுத்துங்கள். அரை அங்குலம் குழிந்தால் போதும்.

இனிதான் கவனம் தேவை. காற்று சூட்டில் விரியும். நிழலில் ஊதிய தப்பை வெயில் அடிக்கும் கப்பல் தளத்தில் தானாக இறுகும். ஹெலிகாப்டர் மேலே ஏறும்போதும் இறுகும். ஏனென்றால் உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் குறைவு. உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. இறுகினால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாவிட்டால் காலையே இழக்க நேரும். கீழே இறங்கும்போது தப்பை தளர்ந்து விடும். அப்போது மீண்டும் கொஞ்சம் ஊத வேண்டும்.

ஆகவே அடிக்கடி விரலைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். சிவக்கவில்லையா? விரல் நீலமாக, குளிர்ச்சியாக இருக்கிறதா? மரத்துப் போகிறது என்கிறாரா? கொஞ்சம் காற்றை வெளியே விடுங்கள். தப்பையைக் கழற்றாதீர்கள்.

பிளாஸ்டிக் அல்லவா, முள் குத்தினால் போச்சு! அப்போது காய்ந்த தென்னை மட்டை, பலகை, குடை எதுவும் உதவும். அடியில் துணி வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டுங்கள்.

மருத்துவமனையில் டாக்டரோ நர்ஸோ தப்பையைக் கழற்றட்டும். எத்தனை மணிக்கு அடிபட்டது, எத்தனை மணிக்குத் தப்பை போட்டது, வழியில் எத்தனை முறை காற்றை விட்டது, இவற்றை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுங்கள்.