நோய் வராதவளின் துயரம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "அக்காவுக்கு நோயே இல்லை, சிகிச்சையும் குறைவின்றி முடிந்துவிட்டது, அப்படியிருக்க, ஆறு மாதம் கழித்தும் அவள் கொல்லைப்புறத்தில் தனியே அமர்ந்து அழுவானேன்?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. சிறிது அலுப்பும் கலந்திருக்கிறது. அதற்காக உன்னை நான் கடிந்துகொள்ளமாட்டேன். ஆனால் அந்த அலுப்பு மேலும் வளர்ந்து உங்கள் இருவருக்குமிடையே சுவராக எழும்பிவிடக்கூடாதே என்ற கவலையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காரியத்தின் மூலத்தைத் தெரிந்துகொள். நம் சரீரத்தின் உயிரணுக்களில், சேதமுற்ற மரபுப்பொருளைச் செப்பனிடும் வேலைக்கென்றே சில மரபணுக்கள் உண்டு. பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணு ஒன்று 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறதென்பதை மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990-இல் காட்டினார். அதன்பின் சில ஆண்டுகளில், செப்பனிடும் அம்மரபணுக்களைச் சேர்ந்த பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் இரண்டும் இனங்காணப்பட்டன. இவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருக்கும் பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 70 பேருக்கு, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பையில் புற்று வருவதும் முதல் வகையில் 100-க்குச் சுமார் 44, இரண்டாவதில் சுமார் 17 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மார்பகத்தைப் படமெடுத்துக் கண்காணிக்கலாம். சினைப்பை நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள நம்பத்தகுந்த பரிசோதனை இன்னும் இல்லை. உன் அம்மாவை நம்மிடமிருந்து கொண்டுபோனது இந்தப் பழுதுதான். அதையே தன் ரத்தத்திலும் கண்ட உன் அக்கா, இரண்டு மார்பகங்களையும் பின்னர் சினைப்பைகளையும் அகற்றிக்கொண்டது, பயத்தால் செய்த காரியமன்று. மார்பகப் புற்றின் அபாயத்தைப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைக்கும் சிகிச்சையை, தன் குழந்தையின் முகத்தைப் பார்த்து, நன்கு யோசித்து ஏற்ற விவேகம் அது.

ஆஞ்சலினா ஜோலி என்ற நடிகை, தம் தாயை 56 வயதில் பறிகொடுத்தவர். இதே இரு சிகிச்சைகளையும் செய்துகொண்டு, 2013-இலும் 2015-இலும் அவற்றைப் பகிரங்கமாக எழுதினார். தம் பெண்மை சற்றும் குறையவில்லை என்று அவர் சொன்ன உறுதி மெச்சத்தக்கதே. ஆயினும் எல்லாப் பெண்களிடமும் அதே உறுதியை எதிர்பார்ப்பது நியாயமன்று.

மகளே, நோய்வாய்ப்பட்டவளைக் காண உறவினர்கள் பழமும் கையுமாக வருகிறார்கள். அவள் அழுதால் உடன் அழுகிறார்கள். உன் அக்காவிடம் வந்தவர்கள் எல்லோரும், "தப்பித்துக்கொண்டாய், தெய்வத்துக்கு நன்றி சொல்" என்று கூறிப் போனார்கள். அது உண்மைதான், அவளும் நன்றியோடுதான் இருக்கிறாள். ஆனால் ஆரோக்கியமாயிருந்த அங்கங்களைத் தானே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு, கொடுத்ததை எண்ணித் துக்கப்படும் உரிமையை யாரும் தரவில்லை. நான் சென்றமுறை வந்திருந்தபோது, அவளுடைய குழந்தை அவள் மார்பில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "பெரியம்மா, இவன் மூச்சுச் சூடு எனக்குத் தெரியவில்லை" என்றாள். நரம்புகள் அறுபட்டதால் அவ்விடத்துத் தோல் மரத்துப்போயிருக்கிறது. கண் காண்பதை உடல் அறியவில்லை. பீரோவில் மடித்து வைத்த பழைய ரவிக்கைகளை அவள் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. தையற்காரரிடம் புதிதாக அளவு கொடுக்கவும் மனம் வரவில்லை. இவை அற்ப விஷயங்கள் என்று நினையாதே.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள். சினைப்பைகளை அகற்றியவுடன், பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல வரவேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. மார்கழிக் குளிரிலும் உடல் திடீரென்று அனலாய்க் கொதிப்பது, நடுநிசியில் வியர்த்து விழிப்பது, காரணமின்றிச் சினமும் சஞ்சலமும் எழுவது, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது, எலும்புகள் பலவீனப்படுவது ஆகிய யாவும் அவளுடைய சுபாவத்தின் கோளாறல்ல, தேகத்தின் நியதி. இவற்றுக்குப் பரிகாரமும் உண்டு. மார்பகப் புற்று வந்திராத பெண்களுக்கு, இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் மருந்து கொடுப்பதைப் பெரும்பாலான வைத்தியர்கள் ஏற்கிறார்கள். அவள் வெட்கப்பட்டு வைத்தியரிடம் சொல்லாதிருந்தால், நீ துணைக்குப் போய்ச் சொல்லவை. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் பற்றின்றி, உண்ணாமலும் உறங்காமலும் சோர்ந்திருந்தாலோ, வாழ்வே வேண்டாமென்ற பேச்சு எழுந்தாலோ, தாமதியாமல் மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்.

இனி உன்னைப் பற்றி. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால், அது ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தாய்வழியாகவும் வரலாம், தந்தைவழியாகவும் வரலாம். உனக்கு அது இருக்குமோ என்ற பயமும், இல்லாவிட்டால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பதென்ற கூச்சமும் உன் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகின்றன. எனக்கு அந்தக் கூச்சம் பழக்கமானது. நானும் பரிசோதித்துக்கொண்டேன், என்னிடம் பழுது இல்லை என்று தெரிந்த அன்று, மகிழ்ச்சியைவிட, உன் அம்மாவுக்கு மட்டும் அது ஏன் வந்தது என்ற வேதனையே என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. அதை நாம் தேர்ந்துகொள்ளவில்லை, ஆகையால் குற்றமும் நம்முடையதன்று என்று தெளிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. உன் மனம் ஆயத்தமானபோது, மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டுப் பரிசோதனைக்குப் போ. முடிவு எதுவானாலும் அக்காவின் வழிதான் உன் வழியாக வேண்டுமென்பதில்லை. ஆண்டுதோறும் மார்பகத்தைப் படமெடுத்துக் கண்காணிப்பதும் ஒரு வழியே.

சகோதரியின் துயரைத் தன் துயராகக் கொள்வது வீண்போவதில்லை. 1923-இல் உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அத்துக்கத்தை முப்பதாண்டுகள் நெஞ்சில் சுமந்து, 1954-இல் அடையாற்றில் ஒரு மருத்துவமனையாக எழுப்பினார். உன்னிடம் நான் அவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்கவில்லை. அடுத்தமுறை அக்கா கொல்லைப்புறத்தில் தனியே இருக்கக் கண்டால், "ஏன் அழுகிறாய்?" என்று கேளாதே, "தப்பித்தாயே" என்றும் சொல்லாதே. அருகில் போய் உட்கார். அவள் பேசினால் கேட்டுக்கொண்டிரு; பேசாவிட்டாலும் எழுந்து வந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியம்மா