ஆலையில் அடிபட்டால் பயிர்க் கடன் என்ன ஆகும்?

வில்லியனூர்ப் பக்கம் காணி நிலத்தை வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆலைகளுக்கும் வேலைக்குப் போகும் விவசாயிகள் கவனிக்க.

இயந்திரத்தில் கை சிக்கினால் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடி, பில் கட்ட வங்கியில் கடன் வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரி பாக்கி சிபிலில் ஏறுவதில்லை. அந்தக் கடனின் தவணை தவறினால்தான் ஏறும். அடுத்த போகத்துக்குப் பயிர்க் கடன் கேட்டால் வங்கி அதைத்தான் புரட்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் (2017இல் வைத்த வரம்பு) இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, கான்டிராக்டர் மூலம் போனாலும். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கோரிமேடு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணமில்லை. மூன்று நாளுக்குக் குறையாமல் வேலைக்குப் போக முடியாவிட்டால் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். தவணைக்கு அதுவே கைகொடுக்கும்.

அன்றே விபத்துப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பார் மேஸ்திரி, விடாதீர்கள்.